ராட்டினம் ஏறிய பலாப்பழம்

இந்த வயதிலும் பலாப்பழ வாசம் வந்தால் எனக்குப் பொறாமை வருகிறது. சொல்லக் கூச்சம்தான். இன்று மருமகள் பழத்தை அரிந்ததும் பேரப்பிள்ளைகள் ஓடி வந்தார்கள். எனக்கோ வெள்ளைக்காரன் காலத்துச் சேந்தமங்கலம் சந்தை ஞாபகம் வந்துவிட்டது.

அன்று அப்பா தலையில் ஒரு பலாப்பழத்தோடு கொல்லிமலையிலிருந்து இறங்கினார். நானும் சித்தப்பா மகள் வள்ளியும் பின்னால் நடந்தோம். சந்தையோரம் கையால் சுற்றும் ராட்டினத் தூரி போட்டிருந்தார்கள். நாலு மரப்பெட்டி, பெட்டிக்கு ஒரு ஆள். எதிரெதிர்ப் பெட்டிகள் ஒரே கனமாக இருந்தால்தான் சுற்ற வரும். இரண்டில் ஆள் ஏறியாயிற்று. மூன்றாவதில் வள்ளி உட்கார்ந்தாள். அவள் நல்ல புஷ்டி. அவளுக்கு எதிரே இருந்த நாலாவதில் நான் காலை வைத்தேன்.

"இந்தக் கண்ணு பஞ்சாட்டம் இருக்குதுங்க. அந்தப் பழத்தை வைங்க, சரியா நிக்கும்," என்றார் ராட்டினக்காரர்.

"அடுத்த சுத்துல நீ ஏறு சாமி," என்று சிரித்துக்கொண்டே அப்பா என்னை இறக்கிவிட்டுப் பழத்தை ஏற்றினார். அது மேலே போவதை நான் கீழே நின்று பார்த்தேன்.

பழம் இறங்கியதுமே அதை வாங்க ஆள் வந்துவிட்டது. இருட்டுமுன் மலையேற வேண்டும் என்று அப்பா கிளம்பிவிட்டார்.

வழியெல்லாம் வள்ளி, "ஏ புள்ள, மேல போனா நம்ம மலை முச்சூடும் தெரியுது! பழத்துக்குக் கண்ணு இருந்தா அதுவும் சொல்லும்," என்றாள்.

அப்புறம் எத்தனையோ திருவிழாவில் என் பிள்ளைகள் ராட்டினத்துக்குக் கூப்பிட்டார்கள். போன மாசம் பேத்தியும் கூப்பிட்டாள். தலை சுற்றும் என்று சொல்லிவிட்டேன். வள்ளி பார்த்துவிட்ட மலையை அவளுக்கு அடுத்தபடியாகப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.