ஏரிக் காவலில் இரண்டாவது ஆள்

இது நடந்தது. நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப் போவதில்லை. என் வலது கன்னத்தில் இருக்கும் மூன்று கோடுகளைப் பார்த்துக் கேட்பவர்களிடம், போர்க்காலத்தில் உறைபனி கடித்தது என்பேன். அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

1925 ஜனவரி. 1918-லேயே முடிந்துவிடும் என்று சொன்ன போர் முடியாமல், அது பதினோராவது குளிர்காலம். ஆண்கள் தீர்ந்து போனதால் எங்களைப் போன்ற பெண்களுக்கும் சீருடை கொடுத்தார்கள். கிழக்குப் பிரஷ்யாவில், உறைந்த ஓர் ஏரியின் இந்தக் கரையில் ஜெர்மானியர்களாகிய நாங்கள் இருந்தோம். அந்தக் கரையில் ரஷ்யர்கள். மூன்று நாட்களுக்கு முன்புதான் அந்தப் படைப்பிரிவில் சேர்ந்திருந்தேன்.

அங்கே காவலுக்கு எப்போதும் இருவராகத்தான் போவார்கள். உறைபனி கடித்தால் வலிக்காது. மூக்கு செத்துக்கொண்டிருப்பது மூக்குக்காரனுக்குத் தெரியாது. உறைந்த தோலில் விழும் வெள்ளைப் புள்ளி எதிரே நிற்பவன் கண்ணுக்குத்தான் படும். அதனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுப் பனியை அள்ளித் தேய்த்துவிட வேண்டும். மற்ற கட்டளைகளைக் கேலி செய்த கிழட்டுச் சிப்பாய்கள்கூட இதைக் கேலி செய்யவில்லை.

அன்று படகுத்துறைக் காவலுக்கு எனக்குத் துணையாக வரவேண்டியவன் லோதர். பதுங்கறையில், அடுப்பை ஒட்டிய கீழ்க்கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான்.

"என்னடா லோதர், பொண்ணு தயாரா நிக்குது, மாப்பிள்ளை படுத்திருக்கே?" என்றார் சார்ஜென்ட் கால்வைட்.

"வயிறு சரியில்லே, சார்ஜென்ட்."

"வயித்தாலயா காவல் காக்கப்போறே? மூஞ்சியை மட்டும் கொடுத்தனுப்பு, போதும்."

சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். லோதர் திரும்பவில்லை.

"வேற எங்க வேணாலும் அனுப்புங்க. அந்தப் படகுத்துறைக்கு மட்டும் வேணாம்."

சிரிப்பு நின்றது. சார்ஜென்ட் அவனை வற்புறுத்தவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"நீ போ, புதுசு. அரை மணியிலே வேற ஆளை அனுப்பறேன். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோ. உட்காராதே."

டிசம்பரில் அந்தத் துறையில் ஒரு சிப்பாய் உறைந்து செத்தான் என்று காதில் விழுந்திருந்தது. யார், எப்படி என்று நான் கேட்கவில்லை. அந்த நாட்களில் நான் எதையுமே கேட்பதில்லை. அக்டோபரில் என் தம்பி எமில் இறந்த செய்தி வந்தபோது உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். செய்தியைக் கேட்டேன். மீதிக் கிழங்குகளையும் உரித்து முடித்தேன். அழுகை பிறகு வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. பசிகூட யாருக்கோ பசிப்பது போல இருந்தது.

நாலு மணிக்கே இருட்டிவிட்டது. போருக்கு முன்பு வாடகைப் படகுகள் விட்ட துறை அது. பலகை மேடையும், காய்ந்த நாணல்களும்தான் மிச்சம். ஏரியின் மேல் பனிக்கட்டி விரிசல் விடும்போதெல்லாம் தூரத்துப் பீரங்கி போல ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

அரை மணி ஆனது. யாரும் வரவில்லை.

ஐந்து மணி வாக்கில் குளிர் நின்றுபோனது. அதுதான் ஆபத்து என்று எனக்குத் தெரியும். கதகதப்பாக இருந்தது. உட்கார்ந்தால் என்ன என்று தோன்றியது. சாக வேண்டும் என்றில்லை. நிற்பதற்குக் காரணம் எதுவும் சட்டென்று நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். ஊரில் அம்மாவுக்கு இனி நான் ஒருத்திதான். அதுகூட யாரோ சொல்லிக் கேட்ட தகவல் போல மனதில் கிடந்தது.

உட்கார்ந்தேன்.

"எழுந்திரு."

நாணல் பக்கம் ஒருவன் நின்றான். அந்தக் குளிரில் பனியை மிதித்தால் கீச்சென்று கத்தும். எனக்கு ஒரு சத்தமும் கேட்டிருக்கவில்லை.

"யாரு? அடையாளச் சொல்?"

"ஆந்தை."

அன்றைய சொல் கொக்கு. துப்பாக்கியைத் தூக்கினேன். ஆனால் அவன் கோட்டு எங்கள் கோட்டு. பேச்சு எங்கள் ஊர்ப் பேச்சு. சார்ஜென்ட் அனுப்பிய ஆள், சொல்லை மறந்துவிட்டான் என்று நினைத்தேன்.

"புதுசா?"

"ஆமா."

"முகத்தைக் காட்டு... வலது கன்னம். வெளுத்துப்போச்சு."

கையுறையைக் கழற்றினான். பனியை அள்ளி என் கன்னத்தில் தேய்த்தான். எரிந்தது. மூன்று மாதங்களில் முதல்முறையாக என் உடம்பில் எனக்கே எரிந்தது.

"லோதர் வரலையா?"

"வயித்து வலியாம்."

"எங்க படுத்திருக்கான்?"

"அடுப்புப் பக்கம். கீழ்க்கட்டில்."

"ம்... கதகதப்பா இருக்கும்."

அவன் கால்களை உதறவில்லை. கைகளைத் தட்டிக்கொள்ளவில்லை. என் கழுத்துத் துணி மூச்சுக்காற்று பட்டுப் பட்டு உறைந்து, பலகை போல ஆகியிருந்தது. அவனும் வாயை மூடித் துணி சுற்றியிருந்தான்.

அந்தத் துணி... காய்ந்தே இருந்தது.

எனக்குக் கண் சொருகியது. "அஞ்சு நிமிஷம் உட்கார்ந்துக்கறேன்" என்றேன்.

"நானும் அஞ்சு நிமிஷம்னுதான் உட்கார்ந்தேன்."

எனக்குப் புரியவில்லை.

"வீட்டுல யாரு?"

"அம்மா."

"வேற?"

"இப்ப இல்லே."

"அப்ப நில்லு."

நின்றேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவன் என் எதிரே வந்தான். துணியை அவிழ்த்தான்.

"இப்ப என் முகத்தைப் பார்த்துச் சொல்லு."

பார்த்தேன்.

மூக்கு வெள்ளை. கன்னங்கள் வெள்ளை. உதடு, இமை... எல்லாம்.

பனியை அள்ளித் தேய்த்தேன். மறுபடி அள்ளித் தேய்த்தேன். என் கையுறையில் பனி ஈரமாகிக்கொண்டிருந்தது.

அவன் முகத்தில் அது கரையவில்லை.

மாவு போல உதிர்ந்தது.

"என்ன?" என்றான். "எப்படியிருக்கு?"

'நல்லாத்தான் இருக்கு' என்று சொல்லிவிடலாம். ஓடிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் எதிரே நிற்பவன் கேட்கிறான். பார்ப்பதற்கு அவனுக்கு வேறு யாரும் இல்லை.

"வெளுத்திருக்கு."

"எங்க?"

"எல்லா இடமும்."

அசையாமல் நின்றான்.

"ம். நீ சொல்லிட்டே."

துணியைச் சுற்றிக்கொண்டான். பதுங்கறைப் பக்கம் நடந்தான்.

சத்தமே இல்லை...

எட்டு மணிக்கு லாந்தரோடு சார்ஜென்டே வந்தார். அவருக்குப் பின்னால் அடுத்த காவலர்கள் இருவர்.

"உயிரோடதான் இருக்கியா? மன்னிச்சுக்கோம்மா. அனுப்ப ஒரு ஆள் கிடைக்கலே."

"அனுப்பினீங்களே?"

லாந்தரை என் முகத்துக்கு நேரே தூக்கினார். அவர் கை நின்றுபோனது.

"கன்னத்துல என்னது?"

"அவர் தேச்சுவிட்டார். அடையாளச் சொல்லைத்தான் தப்பாச் சொன்னார். ஆந்தைன்னு."

சார்ஜென்ட் லாந்தரைக் கீழே இறக்கினார்.

"டிசம்பர்ல இங்க ஆர்னோ உறைஞ்சு செத்த ராத்திரியோட சொல் அது," என்றார். பிறகு மெதுவாக, "அவன் வலது கையிலே மூணு விரல்தான்."

"அன்னைக்கு அவர்கூட யாரு நின்னது?"

"லோதர்."

நானும் சார்ஜென்டும் பதுங்கறைக்கு நடந்தோம். பிறகு ஓடினோம்.

பதுங்கறையில் அடுப்பு சிவந்து எரிந்துகொண்டிருந்தது. சட்டையைக் கழற்றிப் போட்டு வியர்வையோடு சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். கதவு திறக்கவே இல்லை, யாரும் வரவில்லை என்று சத்தியம் செய்தார்கள். லோதர் அதே கட்டிலில், அதே பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். சார்ஜென்ட் அவனைப் புரட்டினார்.

மூக்கு, கன்னம், உதடு... தட்டினால் கட்டை போலச் சத்தம் வந்தது. போர்வை மேல் ஒரு பிடி பனி கிடந்தது.

அடுப்பிலிருந்து ஓர் அடி தூரத்தில். கரையாமல்.

உயிர் இருந்தது. உதடு அசையாமல் பேசினான்.

"என் முகத்தைப் பார்த்துச் சொல்லுன்னான்..."

"நீ என்னடா சொன்னே?"

"ஒண்ணுமில்லே... நல்லாத்தான் இருக்குன்னேன்..."

மூச்சு இழுத்தது.

"அன்னைக்கும் அதைத்தான் சொன்னேன்."

விடியும் முன் இறந்தான். எந்தக் காவலில் உறைந்தான் என்று மருத்துவர் கேட்டார்.

நான் ஊர் திரும்பினேன். அம்மா இருந்தாள். எமிலுக்காக ஒருநாள் அழவும் செய்தேன், வெகுகாலம் கழித்து. கண்ணீர் இடது கன்னத்தில் இறங்குவது மட்டும் தெரிந்தது. வலது கன்னத்தில் அந்த மூன்று கோடுகளின்மேல் ஊசியால் குத்தினாலும் இன்றுவரை தெரியாது.

முகம் எப்படியிருக்கிறது என்று யாராவது என்னிடம் கேட்டால், பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.