என்னைத் தெரியாது என்றாள்

பஸ் திருமங்கலத்தை விட்டுக் கிளம்பிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த என் மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து நின்று, வகுப்பில் கடைசி பெஞ்ச் வரைக்கும் கேட்கிற அந்தக் குரலில் சொன்னாள்.

"கண்டக்டர் தம்பி, இந்த ஆள் யாருன்னே எனக்குத் தெரியாது. ரொம்ப நேரமா என் பின்னாலயே வாரான்."

அவள் முப்பது வருடம் அரசுப் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தவள், தலைமை ஆசிரியையாக ஓய்வு பெற்றவள். அன்று பட்டுச் சேலை கட்டியிருந்தாள். கையில் தாம்பூலப் பை. குரலில் பதற்றமே இல்லை. அப்படி ஒரு பெண்மணி சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்? எனக்கே ஒரு நொடி, நான் ஏதோ தப்புச் செய்துவிட்டேனோ என்று தோன்றியது.

அவளோடு வேலை பார்த்த ஒரு டீச்சரின் மகளுக்குத் திருமங்கலத்தில் கல்யாணம். அதற்கு முன் வந்த இரண்டு மூன்று விசேஷங்களுக்கு ஏதேதோ காரணம் சொல்லித் தப்பித்திருந்தேன். இதற்கும் போகாவிட்டால் கேள்வி வரும் என்றுதான் கூட்டிப்போனேன். மண்டபத்தில் அவள் பிரமாதமாகச் சமாளித்தாள். "டீச்சர், என்னைத் தெரியுதா?" என்று பழைய மாணவி ஒருத்தி வந்து நின்றபோது, "உன்னை மறப்பேனா?" என்று கன்னத்தைத் தட்டினாள். பெயரைச் சொல்லவில்லை என்பதை அந்தப் பெண் கவனிக்கவே இல்லை. இன்றைக்குத் தப்பித்துவிட்டோம் என்று நிம்மதியாகத்தான் பஸ் ஏறினேன்.

"அவ என் சம்சாரம் தம்பி, கொஞ்சம் உடம்பு சரியில்ல" என்றேன் கண்டக்டரிடம்.

"அந்தம்மா இல்லேங்குதுல்ல?" என்றான் பின்சீட்டிலிருந்து ஒருவன்.

நான் அவள் பக்கம் குனிந்து எங்கள் வீட்டுப் பேச்சான சௌராஷ்டிரத்தில், வீட்டுக்குத்தான் போகிறோம், உட்கார் என்று மெதுவாகச் சொன்னேன். மதுரைக்குள் என்றால் காய்கறிக் கடைக்காரர்களுக்குக்கூட எங்கள் பேச்சு பாதி புரியும். இந்த பஸ் தெற்கே எங்கிருந்தோ வந்தது.

"பாருங்கண்ணே, என்னமோ பாஷைல மிரட்டுறான்!"

யாரோ என் சட்டைக் காலரைப் பிடித்தார்கள். மேல் பித்தான் தெறித்து விழுந்தது. "யோவ் பெருசு, இந்த வயசுல ஒனக்கு இது தேவையா?" என்ற குரல் கேட்டது. போனை எடுத்து அவள் படங்களைக் காட்டினேன். "போட்டோ யாரு வேணும்னாலும் எடுக்கலாம்ல" என்றார்கள். அவளுடைய ஆதார் அட்டை வீட்டு பீரோவில் கிடந்தது. கப்பலூர் டோல்கேட்டுக்குப் பக்கத்தில் எங்களை இறக்கிவிட்டு, அங்கே நின்ற பெண் போலீஸ் ஒருவரிடம் ஒப்படைத்தார்கள். என்னைப் பிடித்து வந்த இரண்டு பேர் பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே நின்றார்கள். நல்ல பையன்கள்தான். வேறு யாருக்காவது இப்படி நடந்திருந்தால் நானும் அப்படித்தான் நின்றிருப்பேன்.

"சொந்தக்காரங்க யாருக்காச்சும் போன் போடுங்க சார்" என்றார் அந்தப் பெண் போலீஸ்.

எங்களுக்கு ஒரே மகள், கோயம்புத்தூரில் இருக்கிறாள். அவளைக் கூப்பிடுவதைவிட லாக்கப்பில் உட்காருவது மேல் என்று அந்த நேரத்தில் உண்மையாகவே நினைத்தேன். ஏனென்றால் அவளுக்கு ஒன்றும் தெரியாது. வேறு யாருக்கும் தெரியாது. எங்கள் பக்கமே இல்லாத ஓர் ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை மனைவியைக் கூட்டிப்போனேன். டாக்டர் பொறுமையாகப் படம் போட்டு விளக்கினார். மறதி நோய், கூடிக்கொண்டே போகும், நீங்கள் ஒருவரே பார்த்துக்கொள்ள முடியாது, அடுத்த தடவை பிள்ளைகளோடு வாருங்கள் என்றார். நான் அடுத்த தடவை போகவே இல்லை. மாத்திரையைக்கூட ஆனையூரில் எங்கள் தெருமுனைக் கடையில் வாங்காமல் பஸ் ஏறிப் போய் வாங்கிவந்தேன். டீச்சர் வீட்டில் இப்படி என்று தெருவில் ஒரு வார்த்தை விழுந்துவிடக் கூடாது என்று நினைத்தேன். மகள் போன் செய்தால் அம்மா தூங்குகிறாள், கோயிலுக்குப் போயிருக்கிறாள், காது சரியாகக் கேட்கவில்லை. எத்தனை பொய்!

பெண் போலீஸே என் போனை வாங்கி, மகள் நம்பரைக் கேட்டு வீடியோ கால் போட்டு என் மனைவியின் முகத்துக்கு நேராகப் பிடித்தார். மகள் முகம் வந்ததும் என் மனைவி மலர்ந்துபோனாள். "பாப்பா!" என்றாள். மகளைத் தெரிந்தது. என்னைத்தான் தெரியவில்லை.

"மேடம், இவங்க எங்க அம்மா. என்ன ஆச்சு?" என்றாள் மகள். "அம்மா, உன் பக்கத்துல நிக்கிறது யாரு?"

மனைவி திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தாள். பித்தான் போன சட்டை, கலைந்த தலை. "யாரோ ஒரு பெரியவர். பாவம், நல்ல மனுஷனாத்தான் தெரியுது. இவங்க எல்லாரும் சேந்து அடிச்சுப்புட்டாங்க" என்றாள்.

காலரைப் பிடித்த பையன் தலையைக் குனிந்துகொண்டான். ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. "அவர் எங்க அப்பாதான் மேடம்" என்று மகள் அழுவது எல்லோருக்கும் கேட்டது. பிறகு என்னிடம், எங்கள் பேச்சில், ஒரே ஒரு கேள்வி கேட்டாள். எவ்வளவு நாளாக? இரண்டு வருடமாக என்றேன். நாளைக் காலையில் வருகிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

பெண் போலீஸ் ஆட்டோ பிடித்துத் தந்தார். ஏறும்போது கோபமாகத்தான் சொன்னார்: "ஒரு அட்டைல பேரும் போன் நம்பரும் எழுதி அந்தம்மா பையில வச்சிருக்கக் கூடாதா சார்? நாளைக்குத் தனியா எங்கிட்டாச்சும் போயிட்டாங்கன்னா, நாங்க யாரைப் போய்க் கேக்க?"

மறுநாள் காலையில் மகள் வந்தாள். வாசலுக்கு வெளிப்பக்கம் நான் போட்டிருந்த தாழ்ப்பாளைப் பார்த்தாள். சமையலறையில் கேஸ் ரெகுலேட்டரைக் கழற்றி ஒளித்து வைத்திருப்பதைப் பார்த்தாள். கடைசியில் என் முழங்கையில் இருந்த பல் தடத்தைப் பார்த்து, "இது என்னப்பா?" என்றாள்.

"குளிக்க வைக்கிறப்ப கடிச்சிட்டா."

"தினமுமா?"

தினமும்தான். குளியலறைதான் எங்கள் சண்டைக்களம். அவள் சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அலறுவாள். வெளியே கேட்கக் கூடாதே என்று நான் குழாயை வேகமாகத் திறந்துவிடுவேன்.

மகள் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதைவிடச் சத்தம் போட்டிருக்கலாம்.

அந்த வாரமே அவள் எங்கள் இரண்டு பேரையும் டாக்டரிடம் கூட்டிப்போனாள். அங்கே மாதம் ஒருமுறை, இப்படிப்பட்டவர்களை வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்கள் கூடிப் பேசுவார்களாம். நான் வரமாட்டேன் என்றேன். ஊர்க்காரர்கள் யாராவது இருந்தால்? "இருந்தா அவங்க வீட்லயும் இதேதானப்பா" என்றாள் மகள்.

போனேன், கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். எழுமலைப் பக்கமிருந்து வந்த ஒரு விவசாயி, தன் தாயைக் கட்டிலில் துண்டால் கட்டிப்போட்டுவிட்டு வயலுக்குப் போனதைச் சொல்லி முகத்தை மூடிக்கொண்டார். யாரும் அவரைத் திட்டவில்லை. கூட்டத்தை நடத்திய ஆலோசகர் அம்மாள் அவருக்குத் தண்ணீர் கொடுத்து, பகலில் பார்த்துக்கொள்ள அக்கம்பக்கத்தில் யாரைக் கேட்கலாம் என்று அவரோடு பேசத் தொடங்கினார். அந்தத் தைரியத்தில் நானும் வாயைத் திறந்தேன். குளிக்க வைக்கும்போது கடிக்கிறாள், எங்கள் சௌராஷ்டிரத்தில் கெஞ்சினாலும் அடங்குவதில்லை என்றேன்.

"உங்ககிட்ட இப்ப எந்த பாஷைல பேசுறாங்க?" என்று கேட்டார் ஆலோசகர்.

யோசித்துப் பார்த்தேன். "தமிழ்ல."

"முன்னாடி?"

கல்யாணமான நாளிலிருந்து வீட்டுக்குள் நாங்கள் தமிழ் பேசிக்கொண்டதே இல்லை. தமிழ் வெளியாட்களோடு பேசுவதற்கு.

"அப்ப நீங்க அவங்களுக்கு வெளியாள் சார். முன்னப்பின்னத் தெரியாத ஒரு ஆம்பள தினமும் சேலையை அவுக்க வர்றான்னா, ஒரு பொம்பள என்ன செய்வா?"

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றேன். இரண்டு வருடமாக என் மானம், என் வீட்டு மானம் என்று மூடி மூடி வைத்தேனே, அவளுக்கும் ஒரு மானம் இருக்கிறது என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. அவள் அலறல் வெளியே கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்தேன். எதற்காக அலறுகிறாள் என்று கேட்கவில்லை. பஸ்ஸில் காலரைப் பிடித்தபோது பட்ட அவமானமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

இப்போது காலையில் ஓர் அம்மாள் வந்து அவளைக் குளிப்பாட்டிவிடுகிறார். அவரை மனைவி கடிப்பதில்லை. சில நாள் குளியலறையிலிருந்து அவள் பாட்டுக்கூடக் கேட்கிறது. தெருவில் வீடு வீடாகப் போய் நானே சொன்னேன். ஒரு வீட்டில் அதன் பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். எதிர்வீட்டு அம்மா மட்டும், "எங்களுக்கு எப்பவோ தெரியும்ணே. நீங்க சொல்லலையேன்னுதான் நாங்களும் கேக்கல" என்றார். எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை நான் அவ்வளவு பாடுபட்டு ஒளித்திருக்கிறேன். இன்றும் எதிர்வீட்டு வாசலைக் கடக்கும்போது நடை தானாக வேகமாகிவிடுகிறது.

நான் அவள் கணவன் என்று இப்போது வாதாடுவதில்லை. நீங்கள் யார் என்று அவள் கேட்டால், "பக்கத்துலதான் இருக்கேன் டீச்சர்" என்கிறேன். மகள் மாதம் இரண்டு தடவை வந்து இருந்துவிட்டுப் போகிறாள். அந்த நாட்களில் நான் வெளியே போய்க் காரணமில்லாமல் நடந்துவிட்டு வருகிறேன். நோய் கூடிக்கொண்டேதான் இருக்கிறது. டாக்டர் சொன்னபடிதான்.

போன வாரம் ஒரு சாயங்காலம் அவளுக்கு இட்லி பிட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். சாப்பிட்டவள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உங்க வீட்ல தேட மாட்டாங்களா?"

"சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன்."

"சாப்பிட்டீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன். தன் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். "கூச்சப்படாம சாப்பிடுங்க" என்றாள். கூச்சத்தோடுதான் சாப்பிட்டேன்.