தங்கையைத் திரும்பக் கூட்டிவரப் போன அவிநாசிப் பயணம்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பூரிலிருந்து அவிநாசிக்குப் போனேன். பதினான்கு கிலோமீட்டர்தான். கோயிலுக்கு இல்லை. பொறாமையில் போனேன்.

திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. நானும் தங்கை செல்வியும் ஒரே பிரிண்டிங் பட்டறையில் பனியன் துணி காயப்போட்டோம். குழந்தைத் தொழிலாளர் சோதனைக்கு வந்த அதிகாரிகள் எங்கள் இருவரையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். பிறப்புச் சான்றிதழ் கிடையாது. டாக்டர் பல்லைப் பார்த்து, செல்விக்குப் பன்னிரண்டு, எனக்குப் பதினைந்து என்று எழுதினார். பதினான்கைத் தாண்டினால் சட்டம் கைவிட்டுவிடும். அவளை அவிநாசிப் பக்கம் ஓர் அரசு விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். நான் மறுநாளும் பட்டறைக்குப் போனேன். அவளுக்குப் புத்தகப் பை, எனக்குச் சாய நாற்றம். வயிறு எரிந்தது.

காலை ஒன்பது மணி பஸ், டிக்கெட் இரண்டு ரூபாய். இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடை. (அப்போது ஷேர் ஆட்டோ ஏது?)

விடுதி டீச்சரிடம் பொய் சொன்னேன். "அம்மாவுக்கு ரொம்ப முடியலைங்க. தங்கச்சியக் கூட்டிட்டுப் போவணும்."

"அடடா, கூட்டிட்டுப் போங்க கண்ணு. இதுல ஒரு கையெழுத்து மட்டும் போட்ருங்க."

எனக்கு எழுதத் தெரியாது. செல்வி பேனாவை வாங்கி என் பெயரை எழுதி, "இதாக்கா உன் பேரு" என்றாள். என் பெயரை எழுத்தில் பார்த்ததே அன்றுதான். அதுவும் அவள் கையால். இன்னும் எரிந்தது.

திரும்பும் பஸ்ஸில் கடைப் பலகைகளை வாசித்துக்கொண்டே வந்தாள்.

"ஏட்டி, வாய மூடு" என்றேன்.

பலகைகளிலிருந்து கண்ணை எடுத்து, "அம்மாவுக்கு ஒண்ணுமில்லல்லா? பட்டறைக்குத்தான கூட்டிட்டுப் போற?" என்றாள்.

"தெரிஞ்ச பொறவும் ஏன் வந்த?"

"நீ ஒத்தையில கெடந்து கஷ்டப்படுதியே, அதான்."

பாதி வழியில், அனுப்பர்பாளையத்தில் அவளோடு இறங்கி, அவிநாசிக்கே திரும்ப எதிர்ப்பக்கம் பஸ் பிடித்தேன். பன்னிரண்டரைக்கு விடுதியில் விட்டுவிட்டு, டாக்டர் எனக்கு வயது எழுதியது உட்பட உண்மையைச் சொன்னேன். டீச்சர் திட்டவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்கு வயசக் கூட்டிப் போட்டுட்டாங்களாட்ட இருக்குதுங்களே!" என்று, என் வயதைத் திருத்தி என்னையும் பள்ளியில் சேர்க்கக் கேட்டு அதிகாரிகளுக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தார். பதில் வரவே இல்லை.

செல்வி இப்போது நர்ஸ். எனக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தந்ததும் அவள்தான். பொறாமை போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை.

பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கக் கிளம்புகிறவர்களுக்கு: சான்றிதழ் இல்லையென்று இன்று பள்ளிகள் திருப்பி அனுப்பக் கூடாது. வயது எழுதும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். கூட்டி எழுதினால் அங்கேயே மறுத்துச் சொல்லுங்கள். இரண்டு பிள்ளைகள் இருந்தால், இரண்டு பேரையும் ஒன்றாகவே கூட்டிப் போங்கள்.