ஒரே தட்டு, இரண்டு ஜோடிச் செருப்பு

காரைக்கால் தருமபுரத்து ஓகுஸ்தேனுக்குப் பெட்டி கட்டுவது என்றாலே உடம்பு வலிக்கும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைந்து வருஷம் இருந்தவர். இந்தோசீனாவில் கட்டிய பெட்டியை அல்ஜீரியாவில் அவிழ்த்து, அங்கே கட்டியதை மார்சேயில் அவிழ்த்து, 1964-இல் பென்ஷனோடு ஊர் வந்து சேர்ந்தார். வந்த அன்றே மனைவி ஆன்தோனெத்திடம், "இனிமே என்னைத் தூக்கிக்கிட்டுத்தான் போவணும்" என்று சொல்லிவிட்டார். இருபது வருஷம் அந்தச் சொல் நின்றது.

1984-இல் அது ஆட்டம் கண்டது. பிரான்சில் துலூஸ் நகரத்தில் வேலை பார்க்கும் மகன் ஃபெர்னானுக்குப் பெண் குழந்தை பிறந்தது. "இங்கயே வந்துடுங்க" என்றான் அவன். ஆன்தோனெத் மனசால் அன்றைக்கே விமானம் ஏறிவிட்டாள். ஓகுஸ்தேன் அசையவில்லை. சித்திரை முழுக்க இதே பேச்சு. சோற்றுக்கு உட்கார்ந்தாலும் இதுதான், மாதா கோயிலுக்கு நடந்தாலும் இதுதான். வைகாசி பிறந்தபோது இருவருக்கும் வாய் ஓய்ந்துபோயிற்று. சண்டை போடவும் தெம்பு வேண்டுமே.

"ஆடித் தீத்துக்குவோமா? நான் செயிச்சா துலூஸ், நீங்க செயிச்சா இந்த ஊரு" என்று கேட்டாள் அவள்.

"சரி" என்றார். வேண்டாம் என்று சொல்லக்கூட அலுப்பாக இருந்தது.

அவர்களுக்கு ஆட்டம் என்றால் ஒன்றுதான். மூன்று வருஷத்துக்கு முன் லீவில் வந்த மகன் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் தட்டு கொண்டுவந்தான். மணிக்கட்டைச் சுண்டி வீசினால் காற்றில் மிதந்து போகும். அவன் திரும்பிப் போனபிறகு, அரசலாற்றுப் பக்கத்துப் பூங்காவில் இவர்களே ஓர் ஆட்டத்தை அமைத்துக்கொண்டார்கள். வாசல் வாதாமரத்தில் தொடங்கி, பூவரசு, சவுக்குத் தோப்பின் முதல் மரம் என்று போய், ஆற்றோரம் தனியே நிற்கும் புங்கமரத்தில் முடியும். ஒவ்வொரு மரத்தையும் முதலில் தட்டால் அடிப்பவருக்கு அந்த மரம்; கூடுதல் மரம் யாருக்கோ அவருக்கு ஆட்டம். இருப்பது ஒரே தட்டு. அதனால் தன் தட்டு விழுந்த இடத்தில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, தட்டை மற்றவரிடம் கொடுக்க வேண்டும். அடுத்த முறை செருப்பு கிடக்கும் இடத்தில் நின்று வீச வேண்டும். வீசியதும் செருப்பை மாட்டிக்கொண்டு தட்டை நோக்கி நடக்கலாம்.

பூங்கா வாசலில் வேர்க்கடலை விற்கும் காசியம்மாவுக்கு இது தீராத வேடிக்கை.

"என்னா அய்யா, இன்னிக்கும் மரத்துக்குப் பூசையா? செருப்பப் பத்திரமாப் பாத்துக்குங்க. நேத்து சனிக்கிழம. திருநள்ளாத்துக்கு வந்த கூட்டம் கடல் பாக்க வந்து, செருப்போட அவுங்க சனியையும் இங்க கழட்டிப் போட்டுட்டுப் போயிருக்கு."

"எங்க சனி எங்க கூடவே நடந்து வருது" என்று கணவனைக் காட்டினாள் ஆன்தோனெத். காசியம்மா சிரிப்பில் கடலையைச் சிந்தினாள்.

ஆட்டம் சரிசமமாகப் போயிற்று. புங்கமரம் ஒன்றுதான் பாக்கி. ஓகுஸ்தேனின் தட்டு சவுக்குத் தோப்புக்குள்ளேயே விழுந்துவிட்டது. செருப்பை அங்கே வைத்துவிட்டுத் தட்டைக் கொடுத்தார். ஆன்தோனெத் வீசியது புங்கமரத்துக்கு நாலு எட்டு முன்னால் விழுந்தது. தன் செருப்பை அங்கே கழற்றிவிட்டுத் தட்டை நீட்டினாள். இந்த வீச்சில் அவர் அடித்தாக வேண்டும். தவறினால் ஊரே இல்லை.

தட்டோடு தோப்புக்குள் திரும்பி நடந்தார். கண்ணில் புரை வேறு; சாயங்கால வெயில் சவுக்குத் தண்டுகளுக்கு நடுவே கோடு கோடாக விழுந்து எல்லாம் கலங்கித் தெரிந்தது. ஒரு மரத்தடியில் செருப்பு கிடந்தது. இவ்வளவு கிட்டத்திலா விழுந்திருந்தது என்று தோன்றியது. தோன்றியதை அங்கேயே விட்டுவிட்டு வீசினார். தட்டு இரண்டு மரங்களுக்கு நடுவே வழுக்கிப் போய்ப் புங்கமரத்தில் 'டப்' என்று மோதியது.

அவர் பக்கத்துச் சவுக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். இனிப் பெட்டி இல்லை. இதே வெயில், இதே ஆறு, இதே கட்டில்.

செருப்புக்குள் காலை விடப் போனார். வார் கறுப்பு. அவருடையது பழுப்புத் தோல்.

தலையைத் தூக்கிப் பார்த்தார். பின்னால், நாலைந்து மரம் தள்ளி, அவருடைய செருப்பு சாதுவாகக் கிடந்தது.

"என்னங்க நிக்கிறீங்க? அதான் செயிச்சாச்சுல்ல, மாட்டிக்கிட்டு வாங்க!" ஆன்தோனெத்தின் குரலில் கோபம்கூட இல்லை. எல்லாம் முடிந்துபோன குரல்.

மாட்டிக்கொண்டு போயிருக்கலாம். ஞாயிறு தவறாமல் பூசை காணும் கிறிஸ்தவர் அவர். சனி பகவானோடு அவருக்கு எந்தப் போக்குவரத்தும் இல்லை. ஆனால் திருநள்ளாற்றுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த கால் அது. அந்தச் செருப்புக்குமேல் ஒரு விரற்கடை உயரத்தில் நின்றது, இறங்க மறுத்தது.

காலை இழுத்துக்கொண்டு பின்பக்கமாக நடந்தார்.

"எங்க போறீங்க?"

"என் செருப்பு இங்க கெடக்கு."

"அப்ப அது?"

"எவனோ கழட்டிட்டுப் போனது."

அவள் புங்கமரத்தடிக்கு நடந்தாள். பிறகு தட்டை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள். "அப்ப இங்கேருந்து எறிங்க."

எறிந்தார். தட்டு கிளையில் முட்டிச் சருகின்மேல் விழுந்தது. அவள் அதை எடுத்துக்கொண்டு போய்த் தன் செருப்பருகே நின்று, பெருக்குமாற்றை மூலையில் போடுவதுபோல வீசினாள். புங்கமரத்தில் பட்டது. அவள் முகத்தில் சிரிப்பு வரவில்லை.

திரும்பும்போது கேட்டாள்: "அதயே மாட்டிக்கிட்டு வந்திருக்கலாமுல்ல? நான் கண்ணாடிகூட எடுத்தாரல. எனக்கு எங்க தெரியப்போவுது?"

"தெரியாதுதான்."

"பின்ன?"

"அடுத்தவன் சனிய மாட்டிக்கிட்டு ஊருல உக்காந்து என்னா பண்றது?"

அவள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு வருசம் பாப்போங்க. புடிக்கலன்னா வந்துடுவோம்."

"பட்டாளத்துலயும் இதத்தான் சொன்னானுவ."

வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் உட்காரவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்த பழைய டிரங்குப் பெட்டியை இழுத்து, துண்டால் தூசி தட்டத் தொடங்கினார்.

"இன்னிக்கே எதுக்கு? மொதல்ல காப்பியக் குடிங்க."

"உக்காந்தா எந்திரிக்க மாட்டேன், ஆன்தோனெத்."