மணி அடித்தால் பின்படி

சாந்தோம் ஜொவிட்டா டீச்சருக்குப் பாடம் என்றால் மனப்பாடம்தான். சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் அப்படித்தான் படித்தாள், பிறகு பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாள். ஓய்வு பெற்றதும், டென்மார்க்குக்காரர்களும் நம்மவர்களும் சேர்ந்து நடத்திய பணியிடப் பாதுகாப்புத் திட்டத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்தாள். அங்கும் அதே கதைதான்.

தி. நகரில் கனகராஜின் ஜவுளிக்கடை. மூன்றாம் மாடி விற்பனைப் பெண்களை நிற்கவைத்து, தீப்பிடித்தால் எந்த மாடிப்படியில் இறங்குவது என்று பழக்குவாள். "மணி அடிச்சா எங்கே?" என்பாள்.

"பின்படி!"

"ஓடலாமா?"

"கூடாது! வரிசை!"

கூரை அதிரும். "முன்படிக்குப் போங்க" என்று வேண்டுமென்றே தப்பாகச் சொல்லியும் பார்ப்பாள். ஒருத்திகூட ஏமாற மாட்டாள். டென்மார்க் நிபுணர் எரிக் அசந்துபோனார். மற்ற நாடுகளுக்கும் காட்ட வேண்டும் என்று வீடியோ எடுத்துக்கொண்டார். ஜொவிட்டாவுக்குத் தலைகால் புரியவில்லை.

தீபாவளி நெருக்கத்தில், தங்கை மகளுக்குப் புடவை எடுக்க அதே மாடிக்குப் போனாள். சுவரெல்லாம் சீரியல் விளக்கு. எங்கோ ஒயர் சூடாகிற வாடை. பழக்கதோஷத்தில் பின்படிக் கதவைத் தள்ளினாள். ஒரு சாண்தான் திறந்தது. அந்தப் பக்கம் படி முழுக்கத் துணி மூட்டை.

நேரே கல்லாவுக்குப் போய்க் கேட்டாள்.

"தீபாவளி சரக்கு டீச்சர்," என்றார் கனகராஜ். "லட்சுமி வார நேரத்துல கடையில ஒரு இடத்தையும் காலியா போடக் கூடாதுல்லா? வெள்ளைக்காரர் வரும்போது எடுத்திருவோம்."

கெட்ட மனிதர் இல்லை. அவளுக்குக் காபிகூட வாங்கிவரச் சொன்னார். அதைப் பார்க்கத்தான் இன்னும் பயமாக இருந்தது.

காபிக்கு நிற்காமல் திரும்ப மாடியேறினாள். வாடை இப்போது மூக்கில் ஏறியது. புடவை மடித்துக்கொண்டிருந்த புஷ்பத்தின் கையைப் பிடித்தாள்.

"புஷ்பம், மணி அடிச்சா முன்படிக்குப் போங்கம்மா. எல்லார்கிட்டயும் சொல்லு."

புஷ்பம் சிரித்தாள். "டெஸ்ட் வைக்கீங்களா டீச்சர்? எங்களை ஏமாத்த முடியாது. ஏய், மணி அடிச்சா எங்கடி?"

"பின்படி!" என்று மாடியே கத்தியது.

"ஐயோ, டெஸ்ட் இல்லம்மா, நிஜமாத்தான் சொல்றேன்..."

"போன தடவையும் இதேதான் சொன்னீங்க!"

சீரியல் விளக்குகள் ஒருமுறை மினுக்கி அணைந்தன. மணி அடித்தது.

ஜொவிட்டா முந்திக்கொண்டு ஓடிப்போய், பின்படிக் கதவில் முதுகைச் சாய்த்துக் கைகளை விரித்து நின்றாள். "இங்க வராதீங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். பெண்கள் கையிலிருந்த புடவைகளைக் கீழே வைத்துவிட்டு, ஓடாமல், வரிசையாக, அவள் சொல்லிக்கொடுத்தபடியே அவளை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள்.