கானுக்குள் இறங்கி நின்றவர்

வார விடுமுறையில் ஸ்பிரிங்வெளிக்கருகே நண்பனின் பண்ணையில் தங்கி, அவனுடைய மோட்டார் சைக்கிளில் தேயிலை மலைப் பாதைகளைச் சுற்றிவந்தோம். எதிரே ஓடிவந்த தொழிலாளி ஒருவர் எங்களைக் கண்டதும் பாதையோரத்தில் மழைநீர் ஓடும் கானுக்குள் இறங்கி, தலைத்துண்டை அவிழ்த்துக் குனிந்து நின்றார். அட்டை கடித்த கால்களில் இரத்தம் வழிந்தது. கடந்துபோன பின்னரே, அவர் தோளில் கம்பளிக்குள் குழந்தையொன்று துடிப்பதைக் கண்டு திரும்பினோம்.

"ஏங்க எங்கள மறிக்கல?" என்றேன்.

"தோட்டத்துத் தொரை வண்டின்னு நெனச்சேங்க. தொரை வந்தா எறங்கி நிக்கணுமே. புள்ளைக்கி வலிப்புங்க! ஆஸ்பத்திரிக்கி இன்னும் ரெண்டு கட்டை தூரம் இருக்கு."

நான் இறங்கி இடம்விட்டேன். "ஏறுங்க!" என்று நண்பன் கத்தினான்.

அவரோ ஏறாமல், "நான் ஒக்காரலாமுங்களா?" என்று கேட்டார்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே குழந்தை இறந்ததென்று நண்பன் திரும்பிவந்து சொன்னான். உயிர் பிரியும் மகனைச் சுமந்தபடி ஒரு தகப்பன் அனுமதிக்காகக் காத்து நின்ற அந்தக் கணத்தை, பின்னாளில் நான் பேசிய எந்த மேடையிலும் என்னால் சொல்ல முடிந்ததில்லை.