அலோர்ஸ்டாரில் ஒரு வெள்ளைத் தலையணை

சுங்கைப் பட்டாணியில் குண்டு விழுந்த பள்ளங்களில் மழைத்தண்ணீர் தேங்கி, அதில் கெளுத்தி வளர்ந்து, அதை நாங்கள் பிடித்துத் தின்னத் தொடங்கிய வருஷம் அது. வருஷத்துக்கு எண் சொல்ல எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் போனவன் இல்லை. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். அந்தக் கெளுத்தியில் மண்ணெண்ணெய் வாடை அடிக்கும், ஆனாலும் தின்றோம். அந்த வருஷத்தில்தான் அலோர்ஸ்டாரில் வெள்ளைத் தலையணை ஒன்றைப் பார்த்தேன். ஓரம் மடித்துத் தைத்த வெள்ளை உறை. பக்கத்தில் போனால் சவுக்கார வாசம். தோட்டத்தில் நாங்கள் சாக்கைக் கிழித்து இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தோம், சவுக்காரத்தைக் கண்ணால் பார்த்தே வெகு நாளாகியிருந்தது. இவ்வளவு காலம் போன பிறகும் வெள்ளைத் தலையணையைக் கண்டால் எனக்கு அடிவயிற்றிலிருந்து குமட்டிக்கொண்டு வருகிறது.

எங்கள் ரப்பர்த் தோட்டம் பாடாங் செராய் பக்கம். நான் பால்மரம் வெட்டுகிறவன். காலில் கட்டை குத்தியது புண்ணாகி, புண் குழியாகி, எலும்பு தெரிய ஆரம்பித்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பூட்டிவிட்டார்கள், மருந்து போடுகிறவரும் ஓடிவிட்டார். நான் வருவதற்கு முன்னால் என் நாற்றம் வந்துவிடும். லயத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் சாமான்களைத் தூக்கிக்கொண்டு கடைசி வீட்டுக்குப் போய்விட்டார்கள். அக்காவும் மச்சானும்தான் என்னை விட்டுப் போகவில்லை. மச்சான் என் பக்கத்திலேயே உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கைத் தின்பார். யாராவது மூக்கைப் பொத்தினால், “மூக்கு என்னுது, காலு எம் பொண்டாட்டி தம்பியோடது. ரெண்டும் குடும்பத்துக்குள்ளதானே” என்பார்.

அலோர்ஸ்டார் பெரிய ஆஸ்பத்திரிக்கு என்னைக் கூட்டிப்போக அவர்தான் முடிவு செய்தார். அக்காவுக்குப் பயம். சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்துக்கொண்டிருந்தான். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நின்றவர்களை அப்படியே லோரியில் ஏற்றிய கதைகள் வந்தபடி இருந்தன. மச்சானுக்கு நல்ல தோள், நல்ல உயரம். பகலெல்லாம் காட்டில் ஒளிந்து கிடந்தவர் அவர்.

“நீ போவாதய்யா. வேற யாரயாச்சும் அனுப்பு” என்றாள் அக்கா.

“இவன் பக்கத்துல நிக்க வேற யாருடி வருவா?” என்றார் மச்சான். கைப்பிள்ளையை முகர்ந்துவிட்டு முண்டாசைக் கட்டிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை. தினம் வந்து கழுவிக் கட்டிக்கொண்டு போ என்றார்கள். அதனால் அந்த ஊரில் படுக்க ஓர் இடம் தேடவேண்டியதாயிற்று. அலோர்ஸ்டார் சுல்தான் இருக்கிற ஊர், பெரிய கட்டடங்களெல்லாம் உண்டு. ஆனால் எங்களுக்குக் கிடைத்த ஊர் வேறு. கோவில் கொட்டகைக்குப் போனோம். சொறி பிடித்தவர்கள் வரிசையாக உட்கார்ந்து ரத்தம் வரச் சொறிந்துகொண்டிருந்தார்கள். மூலையில் ஒருவர் செத்துக் கிடந்தார். பாயைப் போட்டு மூடியிருந்தார்கள், அந்தப் பாய்க்குப் பக்கத்திலேயே கிழங்கு வெந்துகொண்டிருந்தது. அங்கிருந்து சீனன் விடுதிக்குப் போனோம். பலகைச் சுவரெல்லாம் மூட்டைப்பூச்சி நசுக்கிய ரத்தக்கோடு. அந்த இடத்துக்காரனே என்னை முகர்ந்துவிட்டுத் துடைப்பத்தைத் தூக்கினான். ஆற்றோரம் ஒரு கருவாட்டுக் கொட்டாய். மேலிருந்து உப்புத்தண்ணீர் சொட்டுகிறது, கீழே புழு நெளிகிறது. அதை வைத்திருந்த மீன்காரம்மா என் காலைப் பார்த்துவிட்டு, “தம்பி, இங்க ஒன் நாத்தம் யாருக்கும் தெரியாது. வா, படு” என்றார்.

“இவ்வளவு மரியாதயா ஒன்ன யாருமே கூப்புட்டதில்லடா” என்று மச்சான் சிரித்தார். ஆனாலும் இன்னொரு இடம் பார்த்துவிடலாம் என்று ரயில் நிலையத்துப் பின்பக்கம் அழைத்துப்போனார்.

அங்கேதான் அந்தக் கிராணி நின்றார். ஏதோ ஒரு தோட்டத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவராம். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. ஆஸ்பத்திரிக்கு வருகிற நம் ஆட்களுக்காகத் தர்மத்துக்கு வீடு விட்டிருக்கிறேன் என்றார். உள்ளே சாமி படம், ஊதுவத்தி, வரிசையாக விசுப்பலகைகள், ஒவ்வொன்றிலும் அந்த வெள்ளைத் தலையணை. மச்சானின் புஜத்தைப் பிடித்து அமுக்கிப் பார்த்தார். பிரியமாகப் பிடிக்கிறார் என்று நினைத்தேன். மாட்டுச் சந்தையில் அப்படித்தான் பிடிப்பார்கள். என் பக்கம் காற்று திரும்பியதும் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

“இந்த அழுகல உள்ள விட முடியாதுப்பா. மத்தவங்க எப்படிப் படுப்பாங்க? நீ மட்டும் தங்கு.”

“அப்ப ரெண்டு பேரும் கருவாட்டுக்கே போயிக்கிறோம் ஐயா” என்று மச்சான் திரும்பினார்.

கிராணி குரலைத் தேனாக்கினார். “கோவிச்சுக்காத லா. டாக்டர் எனக்குத் தெரிஞ்சவரு. நீ இங்க இரு, காலையில உன்னையே கூட்டிட்டுப் போய், தம்பிய மொத ஆளா பார்க்கச் சொல்றேன். கட்டில்கூடக் கிடைக்கும்.”

மச்சான் என் காலைப் பார்த்தார். பிறகு தலையணையைப் பார்த்தார். “ஒரு ராத்திரிதானேடா. தலாணில படுத்தேன்னு ஒங்கக்காகிட்ட சொல்லிராத, அவளும் கேப்பா” என்று சொல்லிவிட்டு, கொட்டாய் வரைக்கும் வந்து என்னைப் படுக்கவைத்துவிட்டுத்தான் போனார்.

காலையில் வெயில் ஏறியும் வரவில்லை. மூங்கில் கழியை ஊன்றிக்கொண்டு போனேன். வாசலில் பிரம்பு நாற்காலியில் தலையணைகளை வெயிலுக்கு அடுக்கியிருந்தார்கள். உறைகளைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தார்கள். கிராணி பல்குச்சியோடு நின்றார்.

“ஒன் மச்சானா? சயாமுக்கு ஆள் எடுத்தாங்க. நல்ல சம்பளம்னாங்க. ஆசைப்பட்டு ஏறிட்டான்.”

சொல்லிவிட்டு என் காலடியிலேயே வாயைக் கொப்பளித்துத் துப்பினார்.

மீன்காரம்மா சந்தையிலிருந்து வந்த பிறகுதான் உண்மை தெரிந்தது. விடிகிற நேரத்தில் கூடையோடு ரயில் நிலையத்தைக் கடந்தபோது பார்த்தாராம். கையைப் பின்னால் கட்டி ஏற்றினார்களாம், பக்கத்தில் கிராணி நின்று ஆள் காட்டினாராம். “ஒன் மச்சான் லோரில இருந்து கத்திக்கிட்டே போனாரு தம்பி. ‘கருவாட்டுக் கொட்டாயில ஒரு பையன் இருக்கான், கால்ல புண்ணு, யாராச்சும் சோறு குடுங்க’ன்னு. வேற ஒண்ணுமே சொல்லல.”

நான் திரும்பவும் அந்த வீட்டுக்குப் போனேன். மெர்போக் பக்கத்திலிருந்து வந்த இரண்டு பேர் மூட்டையோடு படியேறிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு நெஞ்சுவலி, மற்றவர் துணைக்கு வந்தவர். “அண்ணே, உள்ள போவாதீங்க. படுத்தா காலையில லோரிதான்” என்றேன். கிராணி கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, “பாவம், புண்ணு மூளைக்கு ஏறிருச்சு” என்றார். துணைக்கு வந்தவர் என்னை முகர்ந்தார், முகத்தைச் சுளித்தார், காறித் துப்பிவிட்டு உள்ளே போனார். அந்த வாசலில் அழுகிப்போனது எது என்று அவர் மூக்குக்குத் தெரியவில்லை. அந்தக் காலத்தில் சவுக்காரம் ஜப்பான்காரன் கையில்தான் இருந்தது, அவன் கொடுத்தால்தான் கிடைக்கும் என்று பிறகுதான் எனக்கு யோசனை ஓடியது.

மீன்காரம்மா உப்புத்தண்ணீர் வைத்துக் கழுவி, சோறு என்று சொல்லக் கூசும் ஒன்றைப் பொங்கிப் போட்டுக் காப்பாற்றினார். கால் ஆறியது, இன்றைக்கும் ஒரு பள்ளம் இருக்கிறது. நான் தோட்டத்துக்கு நடந்து வந்தபோது என்னை முந்திக்கொண்டு கிராணியின் பேச்சு வந்துவிட்டிருந்தது. ஆசைப்பட்டு ஏறினான். கொஞ்ச நாளில் அது சம்பளத்துக்காக ஏறினான் என்று ஆயிற்று. ஜப்பான் சண்டை முடிந்து, போனவர்களில் சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்து, மச்சான் வராதபோது, சயாம்காரியைக் கட்டிக்கொண்டான் என்று ஆயிற்று. நான் நடந்ததைச் சொன்னேன். படித்த கிராணி சொன்னது நின்றது, கைநாட்டு நான் சொன்னது நிற்கவில்லை. அக்கா சாகிறவரைக்கும் பொட்டை அழிக்கவில்லை. அவள் மகன் ‘ஓடிப்போனவன் மகன்’ என்ற பேரோடு வளர்ந்தான். கிராணியோ பிறகு கடை வைத்து, கோவிலுக்குத் தலைவராகி, மாலைக்கு நடுவில் செத்தார். நாகஸ்வரம் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். எனக்கு வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது, துப்பத் துப்பத் தீரவில்லை.

போன மாதம் அலோர்ஸ்டாரை ஒட்டிய மெர்கோங்கில் கல்யாணம். அக்காவின் கொள்ளுப்பேத்திக்கு. என் மகன் அலோர்ஸ்டாரில் மூன்று ஹோட்டலைப் பார்த்துவிட்டு வந்து, “எது பா வேணும்?” என்று கேட்டான். தலையணை இல்லாதது எது என்றேன். சிரித்தான். பந்தியில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் இலையைப் பார்த்தபடியே, “அந்த சயாமுக்கு ஓடிப்போனவரு குடும்பமா நீங்க?” என்றார். இலையை மடித்துவிட்டு எழுந்தேன். அறைக்குப் போனால் கட்டிலில் வெள்ளை வெளேரென்று இரண்டு தலையணை. தூக்கி வெளியே வராந்தாவில் வைத்துவிட்டு, துண்டைச் சுருட்டித் தலைக்குக் கொடுத்துத் தரையில் படுத்தேன்.

இனி எனக்கு எவ்வளவு காலம் என்று தெரியாது. எங்கள் பக்கத்து ஆட்கள் யாராவது இதைப் படித்தால், கல்யாண வீட்டிலோ கருமாதி வீட்டிலோ அந்தப் பேச்சு வரும்போது சும்மா இருக்கவேண்டாம். அவர் ஓடிப்போகவில்லை, கையைக் கட்டிக் கொண்டுபோனார்கள் என்று சொல்லுங்கள். நாறிப்போன என் காலுக்காகத்தான் அந்தத் தலையணையில் ஒரு ராத்திரி தலை வைத்தார் என்று சொல்லுங்கள்.